தமிழ்நாட்டில் நாங்கள் வெட்டிய வாய்க்கால்

அந்த மோட்டார் சைக்கிள் கரைமேல் வந்து நின்றபோது நான் இடுப்பளவுப் பள்ளத்தில் நின்று மண்ணை வாரி மேலே வீசிக்கொண்டிருந்தேன். வீசிய மண்ணில் பாதி என் தலையிலேயே விழுந்துகொண்டிருந்தது. மண்வெட்டி பிடித்துப் பழகாத கை. கம்ப்யூட்டர் தட்டியே ஐம்பதைத் தாண்டியவள் நான்.

புரட்டாசி வெயில் முதுகைச் சுட்டது. பிடுங்கிப் போட்ட கோரையின் பச்சை வாசனையும் பல வருஷமாகக் கிளறாத சேற்றின் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. பதினாறு பெண்கள், நாலு ஆண்கள். பதினோரு நாளாக வெட்டிக்கொண்டிருந்தோம்.

வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை. வண்டியை விட்டு இறங்காமலேயே கேட்டார்.

"யாரு இங்க தலைவரு?"

"எல்லாரும் தலைவருதான்" என்றாள் ஆரோக்கியமேரி, நிமிராமல்.

"யாரக் கேட்டு வெட்டுறீங்க?"

"எங்க ஊரு வாய்க்கால வெட்டுறதுக்கு யாரக் கேக்கணும்?" என்றேன் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இந்தத் தொடரைப் படித்து வருபவர்கள் இதற்குள் தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

அவர் கோபப்படவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, கரையோரம் குந்தி உட்கார்ந்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"இது உங்க ஊரு இல்லம்மா. நீங்க நிக்கிறது தமிழ்நாடு. நான் இந்தப் பக்கத்து வி.ஏ.ஓ."

இருபது மண்வெட்டிகளும் ஒரே நேரத்தில் நின்றன. நான் என் காலைப் பார்த்தேன். ஒரே சேறு. அதில் எது புதுச்சேரி, எது தமிழ்நாடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தண்ட, அந்தண்ட

வெளியூர் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இல்லையென்றால் "சொந்த ஊர் எல்லை தெரியாதா இந்தப் பொம்பளைக்கு?" என்று கடிதம் எழுதிவிடுவீர்கள்.

புதுச்சேரியின் மடுகரைப் பக்கம் வந்து பாருங்கள். டீ குடிக்க ரோட்டைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். என் தம்பியின் மாமனார் வீடு தமிழ்நாடு. அவர் மாட்டுக்கொட்டகை புதுச்சேரி. மாடு தினம் இரண்டு முறை மாநிலம் தாண்டுகிறது. பள்ளிக்கூடம் இந்தண்ட லீவு என்றால் அந்தண்ட உண்டு. பெட்ரோல் எங்கே விலை குறைவோ அங்கே வண்டிகள் வரிசையில் நிற்கும்.

எல்லை எங்கே என்று எங்களிடம் கேட்டால் யாரும் தரையைக் காட்ட மாட்டோம். ஆளைக் காட்டுவோம். "அவுரு புதுச்சேரி கார்டு." "இவுரு தமிழ்நாட்டுக் கார்டு." ரேஷன் கார்டுதான் எங்களுக்கு எல்லைக் கல். புதுச்சேரி கார்டு வைத்திருப்பவர் உழுகிற நிலமும் புதுச்சேரிதான் என்று நினைத்தே வளர்ந்தோம். நான் வாழ்க்கைப்பட்டு வந்தவள், எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பழக்கம்தான் எங்களைப் பதினோரு நாள் அடுத்த மாநிலத்தில் வெட்ட வைத்தது.

முழங்கால் பேச்சு

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: ஊர் பஸ் நிறுத்தத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. மனு தட்டிக் கொடுப்பேன், ஆன்லைன் விண்ணப்பம் போடுவேன். என் வீட்டுக்காரர் பிள்ளையார்குப்பத்தில் வேன் ஓட்டுகிறார். அவர் வீட்டுக்கு வரும் நேரத்துக்குள் ஊரில் நடந்த சண்டையெல்லாம் என் கடைக்கு வந்துவிடும்.

எங்கள் ஊருக்கு ஒரு தாங்கல் உண்டு. ஏரியைவிடச் சின்னது, குட்டையைவிடப் பெரியது. அதற்குத் தண்ணீர் கொண்டுவருகிற வாய்க்கால் தூர்ந்துபோய், தாங்கலில் பல வருஷமாக வேலிகாத்தான் முள்தான் நின்றது. ஆனாலும் காலனிப் பக்கத்து ஆடுகளுக்கு வேறு மேய்ச்சல் இல்லை. மழை பெய்தால் தேங்குகிற கொஞ்ச நஞ்சத் தண்ணீரில்தான் சுற்றியிருக்கிற கைப்பம்புகள் உயிர் வைத்திருந்தன.

ஊர்க் கூட்டத்தில் ஒரு நாள் கோவிந்தசாமி மாமா எழுந்து, தாங்கலைத் தூர்த்துக் கல்யாண மண்டபம் கட்டக் கேட்டு மனுக் கொடுக்கலாம் என்றார். அவர் பெரிய விவசாயி. நெல்லும் கரும்பும். எனக்கு உறவுமுறையில் மாமா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மூன்று பெண்களைப் பெற்று, மூன்று கல்யாணத்தையும் வெளியூர் மண்டபத்தில் நடத்தி அலைந்த மனுஷர்.

"தண்ணி இல்லாத தாங்கல வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறோம்? முள்ளுக்கு மால போடவா?" என்றார்.

பாதிக் கூட்டம் சிரித்தது. ஆரோக்கியம் சிரிக்கவில்லை. எட்டு ஆடு வைத்திருப்பவள், மீதி நாளில் மாமாவின் நிலத்திலேயே கூலி வேலை செய்பவள். கூட்டத்தின் கடைசியில் நின்றவள் முன்னால் வந்தாள்.

"தண்ணி வந்தா?"

"வந்தா பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்னா எப்பிடி அய்யா? ஒரு பேச்சு சொல்லுங்க."

மாமா வேஷ்டியை இறுக்கிக்கொண்டே யோசித்தார். "சரி. கார்த்திகை தீபத்தன்னிக்கு மதகாண்ட முழங்கால் தண்ணி நின்னா தாங்கல் தாங்கலாவே இருக்கட்டும். நிக்கலன்னா மண்டபம்."

"யாரு முழங்காலு மாமா?" என்று நான் விளையாட்டாகக் கேட்டேன்.

"என் முழங்காலுதான். வேற எவன் எறங்கப் போறான் அந்த முள்ளுல?"

எல்லோரும் கைதட்டி ஒப்புக்கொண்டோம். வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது, ஊரிலேயே உயரமான ஆள் கோவிந்தசாமி மாமா. பஸ்ஸில் நிமிர்ந்து நிற்க முடியாமல் எப்போதும் படியருகே நிற்பார். கைதட்டியபோது யாருக்கும் அது தோன்றவில்லை.

கற்றுக்கொள்ளக் காசு

அந்த வாரம்தான் டவுனிலிருக்கும் ஒரு டிரஸ்டின் அறிவிப்பை என் கடைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். ஊர்ப் பொது நிலத்தைப் பற்றி ஊர்க்காரர்களே கற்றுக்கொண்டு, ஊர்க்காரர்களே பராமரிக்கச் சிறு நிதி. சிறு என்றால் நிஜமாகவே சிறுசு. ஒரு பழைய மொபெட் வாங்கலாம். கட்டடம் கட்டக் கூடாது, இயந்திரம் வைக்கக் கூடாது. பயிற்சி, வரைபடம், அளவு டேப், கைக்கருவி, டீ. அவ்வளவுதான்.

"கத்துக்கறதுக்கா காசு தராங்க? எம்மவன் பள்ளிக்கூடத்துல நாமல்ல கட்டறோம்" என்றாள் ஆரோக்கியம்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: சமூகத்தின் எல்லாத் தரப்பினரின் பங்கேற்பையும் எப்படி உறுதி செய்வீர்கள்? அரைப் பக்கம் இடம் விட்டிருந்தார்கள். ஊராருக்காக எத்தனையோ மனு தட்டியவள் நான். மாண்புமிகு, மேற்படி, தாழ்மையுடன் எல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. ஆனால் இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கடைசியில் ஒரே வார்த்தை தட்டினேன்: கூப்பிடுவோம்.

டிரஸ்டிலிருந்து நந்தினி என்ற பெண் போன் செய்தாள். நாங்கள் தேர்வானதைச் சொல்லிவிட்டு, "அந்த ஒரு வார்த்தைக்காக ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சோம் மேடம். ஆனா அதுதான் பிடிச்சது" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஓசியில் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன்.

களத்தில் ஒரு ஊர்

நெல் காயவைக்கும் சிமெண்ட் களத்தில் வகுப்பு நடந்தது. சர்வே ஆபீஸிலிருந்து வாங்கி வந்த புலப்படத்தை, அதாவது நில அளவைப் படத்தைப் பார்த்து, சுண்ணாம்புக் கட்டியால் களம் முழுக்க ஊரை வரைந்தோம். நந்தினி இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து, கோடு என்றால் என்ன, எண் என்றால் என்ன, வடக்கு எது என்று சொல்லிக் கொடுத்தாள். எங்களில் பாதிப் பேருக்குக் காகிதத்தில் பார்த்தால் தலை சுற்றியது.

ஆரோக்கியத்துக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அவள் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுண்ணாம்புக் கோட்டின் மேல் நடக்க ஆரம்பித்தாள். நாலு அடி வைத்து நின்றாள்.

"இங்க ஒரு பனமரம் இருக்கணும்."

படத்தில் மரம் இல்லை. ஆனால் நிலத்தில் அதே இடத்தில் பனைமரம் இருந்தது. இன்னும் கொஞ்சம் நடந்தாள். "இந்தக் கோணல்தான் நம்ம தாங்கல் மூல. இங்கதான் வெள்ளாடு குட்டி போட்டுச்சி." மூலைக்கு மூலை அப்படியே சொன்னாள். பிறகு படத்திலிருந்த மீட்டரைத் தன் தப்படியாக மாற்றிக்கொண்டாள். களத்தில் டேப்பை விரித்து, அதன் பக்கத்திலேயே நடந்து நடந்து, தன் காலடி எவ்வளவு என்று கண்டுபிடித்துவிட்டாள். மூன்றாவது வாரம் அவள் எங்களுக்கு வாத்தியார். நான் அவளிடம் இரண்டு முறை திட்டு வாங்கினேன்.

"யக்கா, நீ வடக்கப் பாத்து நின்னுக்கினு தெக்கச் சொல்ற. ஜெராக்ஸ் கட போதும் உனக்கு."

இந்தப் பெருமையில் மிதந்துகொண்டிருந்தபோதுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். மறைப்பானேன், தப்பு முழுக்க என்னுடையது.

வாய்க்கால் தாங்கலிலிருந்து மேற்கே போகிறது. புலப்படத்தில் அந்தக் கோடு தாளின் ஓரம்வரை வந்து சட்டென்று நின்றுவிட்டது. ஜெராக்ஸில் ஓரம் விட்டுப்போவது என் தொழிலில் தினமும் நடப்பது. "ஓரம் விழுந்துபோச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லி, சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, கண் அளவில் கோட்டை நானே நீட்டிவிட்டேன். கோடு கோவிந்தசாமி மாமாவின் கரும்புத் தோட்டத்தை ஒட்டிப் போனது. மாமா எங்கள் ஊர்க்காரர், புதுச்சேரி கார்டு. அப்புறம் என்ன சந்தேகம்?

ஓரம் விழவில்லை. ஊர் அங்கே முடிந்திருந்தது.

கரையில் உட்கார்ந்த பேச்சு

வி.ஏ.ஓ. தம்பி தன் பையிலிருந்து அவர்கள் ஊர்ப் படத்தை எடுத்து விரித்துக் காட்டினார். எங்கள் படத்தில் நின்ற கோடு அவர் படத்தில் தொடங்கி, அவர்கள் ஏரியில் தண்ணீர் வழிகிற கலங்கல்வரை போனது. ஏரி நிரம்பி வழிந்தால் அந்த உபரித் தண்ணீர்தான் எங்கள் தாங்கலுக்கு வருகிறது. பாதிக்குமேல் வாய்க்கால் அந்தண்ட.

"அனுமதி இல்லாம இனிமே வெட்டாதீங்கம்மா. எங்க ஊர்க்காரங்க கேக்கறாங்க, எதுக்கு வெட்டறாங்க, ஏரித் தண்ணிய இழுத்துக்கப் போறாங்களான்னு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கரையில் வரிசையாக உட்கார்ந்தோம். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஐப்பசி மழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. நிதி விதிமுறையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: வேலை புதுச்சேரி எல்லைக்குள் மட்டும். அடுத்த வாரம் நந்தினி பார்வையிட வருகிறாள்.

ஒருத்தி சொன்னாள், "நம்ம பக்கம் வெட்டுனத மட்டும் போட்டோ எடுத்துக் காட்டிடலாம். அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியப் போவுது?"

எனக்கும் அந்த ஆசை வந்தது. உண்மையைச் சொல்கிறேன், போனைக் கையில் எடுத்தும் விட்டேன். எந்தக் கோணத்தில் எடுத்தால் நீளமாகத் தெரியும் என்றுகூடப் பார்த்தேன்.

ஆரோக்கியம் கோரைத் தண்டை ஒடித்தபடி சொன்னாள்: "காட்டிடலாம். ஆனா தண்ணி எங்கேருந்து வருதுன்னு கேட்டா, எதக் காட்டுவ?"

நான் போனை இடுப்பில் செருகிக்கொண்டேன். அங்கேயே நந்தினிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "மேடம், அந்தக் கரும்புத் தோட்டத்துக்காரர் வகுப்புக்கு வந்தாரா?"

வரவில்லை. நாங்கள் கூப்பிடவில்லை. மண்டபம் கேட்டவர் ஆயிற்றே, அவர் எதற்கு என்று விட்டுவிட்டோம்.

யாரு கேட்டீங்க?

சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போனேன். கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த நெலம் தமிழ்நாடுன்னு உங்களுக்கு எப்பத்துலேருந்து தெரியும் மாமா?"

"பொறந்ததுலேருந்து தெரியும். எங்கம்மா வழி நெலம். பட்டா அந்தண்டதான்."

"பதினோரு நாளா நாங்க வெட்டறதப் பாத்தீங்களே, சொல்லக் கூடாதா?"

"கரும்புக்குள்ள நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன்." வாளியைக் கீழே வைத்தார். "யாரு கேட்டீங்க? ஊரே களத்துல கூடிக் கோடு போட்டீங்க. எங்க வூட்டுக்கு மட்டும் ஆளு வரல. போன தடவ ரேஷன் கட எடம் மாத்துறப்போகூட என்னக் கேட்டீங்க. இதுக்குக் கேக்கல."

அவர் குரலில் கோபத்தைவிட மனக்கஷ்டம்தான் அதிகம் இருந்தது. அந்த ஒற்றை வார்த்தைப் பதில் நினைவுக்கு வந்து என் முகம் எரிந்தது. டிரஸ்டில் எல்லோருக்கும் பிடித்த பதில்.

"இப்பக் கூப்பிடறேன் மாமா. வாங்க."

"எதுக்கு? தாங்கல்ல தண்ணி வரதுக்கா? நான் மண்டபம் கேட்ட ஆளு."

"அது தெரியும். இருந்தாலும் வாங்க."

மாடு குடித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "எங்க மாமன் மவன் அந்தண்ட பஞ்சாயத்துல இருக்கான். பேசிப் பாக்கறேன்" என்றார்.

ஒட்டிய தாள்

அன்று கடையை மூடாமல் உட்கார்ந்து இரண்டு ஊர்ப் படத்தையும் சேர்த்தேன். இரண்டும் ஒரே அளவில் இல்லை. ஒன்றைப் பெரிதாக்கி, இன்னொன்றைச் சுருக்கி, ஒரு கட்டுத் தாளை வீணாக்கிய பிறகு வாய்க்கால் கோடு கோட்டோடு வந்து பொருந்தியது. செலோ டேப் போட்டு ஒட்டினேன். என் கடையில் எத்தனையோ காகிதம் ஒட்டியிருக்கிறேன். அதை ஒட்டிவிட்டு மட்டும் எழுந்து நின்று பார்த்தேன்.

சில நாள் கழித்து இரண்டு ஊர்க்காரர்களும் வாய்க்கால் கரையில் கூடினோம். வி.ஏ.ஓ. தம்பி வந்தார். மாமாவின் மாமன் மகன் பஞ்சாயத்துக் கடிதத்தோடு வந்தார். ஏரித் தண்ணீரை யாரும் திறக்கப் போவதில்லை, வழிகிற தண்ணீருக்குத்தான் பாதை என்று சொன்னதும் அந்தண்டக்காரர்கள் சமாதானமானார்கள். அவர்களுக்கும் வடிகால் இல்லாமல் வருஷா வருஷம் நாற்று அழுகிக்கொண்டிருந்தது.

"அகலம் எவ்ளோ வெட்டணும்?" என்று கேட்டார் ஒருவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். அவள் தாளை வாங்கிச் சரியாக வடக்குப் பார்த்துத் திருப்பிக்கொண்டாள். கரையிலிருந்து கரைக்கு நடந்தாள். திரும்பவும் நடந்தாள். பிறகு நின்றுவிட்டாள். அவள் முகம் மாறியதை நான் கவனித்தேன்.

"படத்துல ஆறு தப்படி இருக்குது. இங்க நாலுதான் இருக்குது" என்றாள்.

"மீதி ரெண்டு எங்க?" என்றார் வி.ஏ.ஓ.

அவள் மாமாவைப் பார்த்தாள். அவர் நிலத்தில் நாற்று நட்டு, களை எடுத்து, கரும்பு கட்டிப் பிழைப்பவள். அடுத்த வாரக் கூலியும் அங்கேதான். இரண்டு ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது. "வுட்டுடுடி" என்று வாய்வரை வந்துவிட்டது.

"மீதி ரெண்டு தப்படில கரும்பு நிக்குது அய்யா. நாலு சாலு. நட்டதே நான்தான். அப்ப எனக்குப் படம் பாக்கத் தெரியாது."

குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோலச் சொன்னாள்.

மாமா தொண்டையைச் செருமினார். "அறுப்பு ஆவட்டும். தையில வுட்டுடறேன்."

"மழ தை வரைக்கும் நிக்குமா அய்யா?"

மாமா கையை நீட்டித் தாளை வாங்கினார். தலைகீழாகப் பிடித்திருந்தார். ஆரோக்கியம் அவர் கையிலேயே அதைத் திருப்பி வைத்தாள். பட்டா முப்பது வருஷமாக அவர் பீரோவில் இருக்கிறது. ஆனால் தன் நிலத்தைக் கோட்டில் அவர் பார்த்தது அன்றுதான்.

"என் கரும்புக் கொல்லி இதுல எங்க?"

அவள் விரல் வைத்தாள்.

"கெணறு?"

"இதோ."

"எங்கம்மா நட்ட புளியமரம்?"

"மரம் படத்துல இல்ல அய்யா. ஆனா இங்க வரும்." அவள் விரல் நகத்தால் ஒரு புள்ளி வைத்தாள்.

மாமா அந்தப் புள்ளியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "நாலு சாலு வெதக் கரணைக்கு ஆவும், திரும்ப நடலாம். நாளைக்கு ஆளு வுட்டு வெட்டிடறேன்" என்றார்.

"ஆளு எதுக்கு? நட்டது நானு, நானே வெட்டறேன்" என்றாள் ஆரோக்கியம். "தோகைய என் ஆட்டுக்கு எடுத்துக்கறேன்."

"இதுக்குத்தானடி இவ்ளோ அளந்த!" என்றார் மாமா. இரண்டு ஊரும் சிரித்தது.

என் வாழ்நாளில் நான் தட்டிய மனுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். எதிலும் என் பெயர் இல்லை, எதன் முடிவும் எனக்குத் தெரியாது. அன்று அந்தக் கரையில் நின்றபோதுதான் ஒரு காரியத்தின் முடிவைக் கண்ணால் பார்த்தேன். பெருமையாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது. சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை.

படிவத்தில் ஒரு புதுக் கேள்வி

நந்தினி வந்தபோது நாங்கள் அவளை முதலில் அழைத்துப்போனதே தப்பான பக்கத்துக்குத்தான். போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்தண்ட ஒரு காலும் அந்தண்ட ஒரு காலுமாக நின்றாள். அந்தண்ட வேலைக்கு எங்கள் நிதியைத் தொடக் கூடாது என்றாள். தொடவும் இல்லை. அந்த ஊர்ப் பெண்கள் தங்கள் மண்வெட்டியோடு வந்திருந்தார்கள், டீயும் அவர்கள் செலவு. எங்கள் டீயைவிட அது நன்றாக இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

"நடந்தத அப்படியே அறிக்கையில எழுதிக் குடுங்க மேடம். ஜெராக்ஸ் ஓரத்தையும் சேர்த்து" என்றாள்.

எழுதினேன். கோவிந்தசாமி மாமாவைக் கூப்பிடாததையும் எழுதினேன். மறு வருஷம் அந்த டிரஸ்டின் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி கூடியிருந்தது: பக்கத்து ஊரின் வரைபடத்தையும் பார்த்தீர்களா? அதன் கீழே இன்னொன்று: உங்களோடு ஒத்துப்போகாதவர்களில் யாரையெல்லாம் அழைத்தீர்கள்? வேறு ஊர்க்காரர்களுக்கு அதை நிரப்பித் தரும்போதெல்லாம், அது நாங்கள் போட்ட கேள்வி என்று ஒரு முறை சொல்லிக்காட்டாமல் விடமாட்டேன்.

தீபத்தன்று

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி வழிந்த செய்தி அந்தண்டயிலிருந்து போனில் வந்தது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, கலங்கிய தண்ணீர் சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு, கரும்பு நின்ற இடத்தைத் தாண்டி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஆரோக்கியம் அதற்கு முன்னால் தப்படி எண்ணிக்கொண்டே நடந்தாள்.

ஆனால் கார்த்திகை பிறந்ததும் மழை நின்றுவிட்டது. வெயில் அடிக்க அடிக்கத் தாங்கலில் தண்ணீர் இறங்கியது. காய்ந்த மண் குடிக்கத்தானே செய்யும். தினம் காலையில் கடை திறப்பதற்கு முன் மதகுப் பக்கம் போய், முள்ளுக்குப் பயந்து கொஞ்சம் முன்னாலேயே நின்று, என் முழங்காலை வைத்துப் பார்த்தேன். என் முழங்கால் நனைந்தது. ஆனால் நானே என் வீட்டுக்காரர் தோளுக்குத்தான் வருவேன், மாமா அவரையும்விட உயரம்.

தீபத்தன்று காலை ஊரே கரையில் நின்றது. அந்தண்ட ஊர்க்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். பெண்கள் கையில் அகல் விளக்குக்கு வாங்கிய எண்ணெய்த் தூக்கு அப்படியே இருந்தது. மாமா வெள்ளை வேஷ்டியைத் தொடைவரை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

பத்தடி போனார். தண்ணீர் கெண்டைக்கால் அளவு. இன்னும் பத்தடி போனார். முழங்காலுக்கு நாலு விரல் கீழே நின்றது. அங்கேயே நின்று சுற்றிப் பார்த்தார்.

மண்டபம் கேட்டவர்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "அவ்ளோதான் மாமா, ஏறிடுங்க!"

ஆரோக்கியம் என் கையைப் பிடித்திருந்தாள். எலும்பு நொறுங்கும்போல இருந்தது.

மாமா கரையைப் பார்த்துச் சொன்னார், "மதகாண்டன்னுதானே பேச்சு? மதகு இன்னும் அந்தாண்ட இருக்குது."

மதகுப் பக்கம் திரும்பி நடந்தார். ஒரு தப்படி. இரண்டு தப்படி. மூன்றாவதில் கால் உள்ளே போனது. முழங்கால் மறைந்தது. அங்கே நின்றிருக்கலாம், பேச்சு தீர்ந்துவிட்டது. அவர் நிற்கவில்லை. மதகுக் கல்லைக் கையால் தொடும்வரை போனார்.

ஆரோக்கியம் என் கையை விட்டுவிட்டுக் கரை விளிம்புக்கு ஓடினாள்.

"அய்யா, வேட்டி நனையுது!"

கோவிந்தசாமி மாமா குனிந்து தண்ணீரைப் பார்த்தார்.

"நனையட்டும்" என்றார்.